விடுதி அறையின் காற்று: அமெரிக்கக் கல்லூரிகளும் சளிக்காய்ச்சல் தடுப்பும்

1918 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஏறத்தாழ 1,40,000 மாணவர்கள் ஒரே நாளில் இராணுவ உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். முதல் உலகப் போருக்கான அதிகாரிகளை உருவாக்குவதற்கென அமைக்கப்பட்ட மாணவர் படைப் பயிற்சித் திட்டம் அது. வளாகத்தில் அவசரமாக எழுப்பப்பட்ட பாசறைகளிலும் மாற்றியமைக்கப்பட்ட கூடங்களிலும் கட்டில்களை வரிசையாக இட்டு மாணவர்களைத் தங்கவைத்தார்கள். இன்ஃப்ளூயன்சாக் கொள்ளைநோயின் மிகக் கொடிய இரண்டாம் அலை அந்நாட்டில் உச்சம் தொட்ட மாதமும் அதுவே. இளைஞர்களைத் திரட்டி ஒரே கூரையின்கீழ் உறங்கவைப்பதற்கு அதைவிடப் பொருந்தாத மாதம் வாய்த்திருக்க முடியாது. உடற்பயிற்சிக் கூடங்கள் பல சில நாள்களிலேயே நோயாளிக் கூடங்களாயின.

அப்போது கல்லூரிகளும் இராணுவ முகாம்களும் கையாண்ட தடுப்பு முறைகள் ஒன்றோடொன்று கலந்தவை. கட்டில்களுக்கிடையே இடைவெளி விட்டார்கள். ஒருவர் தலைவைக்கும் பக்கத்தில் அடுத்தவர் கால்நீட்டுமாறு படுக்கையை மாற்றிப் போட்டார்கள். இடையிடையே துணித் திரை கட்டினார்கள். வலைத்துணி முகக்கவசம் அணிவித்தார்கள். குளிர் பாராமல் சன்னல்களைத் திறந்துவைத்தார்கள். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்ட நுண்ணுயிரியே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கையில் அதற்கெதிரான ஊசியைப் போட்ட இடங்களும் உண்டு. உண்மையான காரணியாகிய வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது 1933இல், இலண்டனில். ஆக, 1918இல் எவருக்கும் எதிரி யார் என்று தெரியாது. தெரியாததனாலேயே எந்த வழியையும் அவர்கள் அடைக்காமல் விடவில்லை என்றும் சொல்லலாம்.

அந்த அலையில் பெருமளவு தப்பித்த இடங்கள் எவை என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ வரலாற்று மையத்தைச் சேர்ந்த ஹோவர்ட் மார்க்கெல் குழுவினர் 2006இல் ஆராய்ந்தனர். இன்ஃப்ளூயன்சாவால் ஓர் இறப்புக்கு மேல் நேராத இடங்களை மட்டும் கணக்கில் கொண்டபோது நாடு முழுவதிலும் ஏழு இடங்களே தேறின. அவற்றுள் இரண்டு உயர்கல்வி நிறுவனங்கள்: பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பிரின் மார் மகளிர் கல்லூரியும். பிரின் மார், அமெரிக்கப் பெருநகரங்களுள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஃபிலடெல்ஃபியாவின் புறநகரில் உள்ளது. வாயிலை அடைத்துக்கொள்ளுதல், வெளியாரை விலக்குதல், நோயுற்றோரை உடனே பிரித்தல் ஆகியவை இவ்விடங்களின் பொதுக்கூறுகள். ஆனால் இவற்றை வெற்றிச் சூத்திரமாக எழுதிவைப்பதற்கு ஆய்வாளர்களே தயங்கினர். சிறிய, செல்வமுடைய, மதில் சூழ்ந்த ஒரு கல்லூரியால் வாயிலை அடைக்க இயலும். அதற்குப் பாலும் ரொட்டியும் கொண்டுவருபவர்கள் வாழும் ஊரால் இயலாது. மேலும், பல முறைகளை ஒரே நேரத்தில் கையாண்டதால் எது காத்தது என்பதைப் பின்னாளில் பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. எது காக்கிறது என்ற அந்தக் கேள்வியே அடுத்த நூறாண்டில் கல்லூரி வளாகங்களை ஆய்வுக்கூடங்களாக மாற்றியது.

இவ்விடத்தில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். இன்ஃப்ளூயன்சா என்ற இத்தாலியச் சொல்லுக்குத் 'தாக்கம்' என்பது பொருள். விண்மீன்களின் தாக்கம் என்று முன்னோர் கருதினர். ஆங்கிலத்தில் சளித்தொல்லைக்கு வழங்கும் பெயர் குளிர் என்பதே. தமிழில் ஜலதோஷம், நீர்க்கோவை என்பன நீரைக் குற்றஞ்சாட்டுகின்றன. தடுமன் என்ற சொல்லோ தடித்துப்போன மூக்கைப் பற்றியது, காரணத்தைப் பற்றியதன்று. இத்தனை பெயர்களுள் ஒன்றுகூடப் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரின் மூச்சைச் சுட்டவில்லை. கெட்ட காற்று என்று பெயர் பெற்ற நோய் மலேரியா. அதுவோ காற்றால் பரவுவதே இல்லை.

மலேரியாவின் கதை மருத்துவர்களுக்கு ஒரு பாடமாகவே ஆயிற்று. நாற்றக்காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கையை நுண்ணுயிரியல் வீழ்த்தியபின், காற்றைப் பற்றிப் பேசுவதே பழமைவாதம் என்ற எண்ணம் பரவியது. பிராவிடன்ஸ் நகரின் சுகாதார அலுவலர் சார்ல்ஸ் சேப்பின் 1910இல் வெளியிட்ட தொற்று வழிகள் பற்றிய நூல் இவ்வெண்ணத்துக்கு இலக்கண நூலாயிற்று. தொற்று பெரும்பாலும் தொடுகையாலும் மிக அருகில் தெறிக்கும் எச்சில் துளியாலும் நேர்கிறது, காற்றைக் கண்டு அஞ்சுவோர் கைகழுவ மறக்கிறார்கள் என்பது அவர் வாதம். தெருக்குப்பையையும் சாக்கடை நாற்றத்தையும் எதிர்த்தே பொதுச் சுகாதாரப் பணம் செலவாகிக்கொண்டிருந்த காலத்தில் அது தேவையான வாதம். தேவை தீர்ந்த பின்னும் அது நிலைத்துவிட்டதுதான் சிக்கல். கல்லூரிச் சுகாதார மையங்களின் அறிவுரைத் தாள்கள் நெடுங்காலம் சேப்பினின் வழியிலேயே நின்றன.

அதே தலைமுறையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, சளித் தடுப்பின் வரலாற்றிலும் மருத்துவ ஆய்வுமுறையின் வரலாற்றிலும் தனியிடம் பெறத்தக்கது. 1930களில் சளிக்கென்று பலவகைப் பாக்டீரியத் தடுப்பூசிகள் சந்தையில் தாராளமாக விற்றன. போட்டுக்கொண்டவர்கள் மனநிறைவோடு சான்று பகர்ந்தனர். ஹெரால்டு டீல் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் இச்சான்றுகளை நம்ப மறுத்தனர். அடிக்கடி சளிபிடிக்கும் இயல்புடையவர்கள் என்று தம்மைக் கருதிய மாணவர்களைத் திரட்டி, தேர்வு ஏதுமின்றி இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு உண்மை மருந்து. மற்றொன்றுக்கு மருந்தில்லாத வெற்றூசி. தமக்கு எது கிடைத்தது என்று மாணவர்களுக்குத் தெரியாது. நோயைப் பதிவு செய்த மருத்துவர்களுக்கும் தெரியாது.

1938இல் முடிவுகள் வெளிவந்தன. தடுப்பூசி பெற்ற 272 பேர் முந்தைய ஆண்டில் சராசரியாக 5.9 முறை சளிபிடித்ததாகக் கூறியிருந்தனர். ஊசிக்குப் பிந்தைய ஆண்டில் அது 1.6 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு 73 பங்கு வீழ்ச்சி. இங்கேயே நிறுத்தியிருந்தால் எந்த மருந்து நிறுவனமும் இதைப் பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். ஆனால் வெற்றூசி பெற்ற 276 பேரின் கணக்கும் பக்கத்திலேயே இருந்தது: 5.6இலிருந்து 2.1. அதாவது 63 பங்கு வீழ்ச்சி. எஞ்சிய சிறு வேறுபாட்டுக்காக ஊசிபோடுவது தகாது என்று டீல் முடிவுகட்டினார்.

வெற்றூசி ஏன் இவ்வளவு 'வேலை செய்தது'? நம்பிக்கையின் வலிமை என்று பலர் விளக்குவர். அதைவிட எளிய விளக்கங்கள் உண்டு. மிகமோசமான ஓர் ஆண்டைக் கழித்தவர்தாம் இத்தகைய ஆய்வுக்கு முன்வருவர். மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சற்று நல்ல ஆண்டாகவே அமையும். மேலும், முந்தைய ஆண்டின் சளிகள் நினைவிலிருந்து எண்ணப்பட்டவை, மனக்குறையோடு எண்ணப்பட்டவை. பிந்தைய ஆண்டின் சளிகளோ அவ்வப்போது பதிவானவை. கஷாயமும் ஆவிபிடித்தலும் முதல் புதிய மாத்திரைகள் வரை, சளிக்கு மருந்து சொல்லும் எவருக்கும் எளிதில் வெற்றி கிட்டுவது இதனால்தான். ஒப்பீட்டுக் குழு இல்லாத சளி ஆய்வு எதையும் நிறுவாது என்பதைக் கல்லூரி மாணவர்களின் மூக்கைக்கொண்டு காட்டியவர் டீல். 1942இல் அதே குழு வைட்டமின்களையும் இவ்வாறே சோதித்து, குறிப்பிடத்தக்க பயனில்லை என்று அறிவித்தது. 28 ஆண்டுகள் கழித்து, வைட்டமின் சியைச் சளிக்கு மருந்தாக முன்வைத்துப் புகழ்பெற்ற நூலை எழுதிய லைனஸ் பாலிங், அதே ஆய்வின் எண்களை வேறுவிதமாகப் படித்துத் தமக்குச் சார்பாக வாதிட்டார். எண்கள் பேசுவதில்லை, பேசவைக்கப்படுகின்றன.

இன்ஃப்ளூயன்சாத் தடுப்பூசியின் கதை வேறு. 1941 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாமஸ் ஃபிரான்சிஸ், அமெரிக்க இராணுவத்தின் இன்ஃப்ளூயன்சா ஆணையத்துக்குத் தலைவர். 1918 மீண்டும் நேர்ந்துவிடக் கூடாது என்பதே அவ்வாணையத்தின் கவலை. 1942இல் அவரிடம் சேர்ந்த இளைஞர் ஜோனஸ் சால்க். போலியோத் தடுப்பூசியோடு உலகம் அறிந்த அவருடைய பெயர் உருவானது இந்தக் கல்லூரிச் சளிக்காய்ச்சலில்தான். 1943 இலையுதிர் காலத்தில், பல்கலைக்கழகங்களில் தங்கிப் பயின்ற இராணுவச் சிறப்புப் பயிற்சி மாணவர்கள் ஏறத்தாழ 12,500 பேரில் பாதிப்பேருக்குக் கோழிமுட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸை ஊசியாகப் போட்டனர். மறுபாதிக்கு வெற்றூசி. சில வாரங்களிலேயே ஏ வகை இன்ஃப்ளூயன்சா வந்து சேர்ந்தது. ஆய்வாளருக்கு இத்தகைய நல்லூழ் அரிது. தடுப்பூசி பெற்றோரில் நூற்றுக்கு 2.2 பேருக்கும், பெறாதோரில் 7.1 பேருக்கும் நோய் கண்டது. டீல் வகுத்த அதே ஒப்பீட்டு முறை இம்முறை ஆம் என்று விடையளித்தது. 1945இல் அத்தடுப்பூசிக்குப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான உரிமம் கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில் அடி விழுந்தது. 1947 வசந்தத்தில் மிச்சிகன் வளாகத்தில் காய்ச்சல் பரவியபோது, தடுப்பூசி பெற்ற மாணவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரும், பெறாதோரில் ஏறத்தாழ 8 பேரும் நோயுற்றனர். பயன் இல்லை என்றே கொள்ளவேண்டிய வேறுபாடு. மருந்து கெட்டுவிடவில்லை. வைரஸ் உருமாறியிருந்தது. ஃபிரான்சிசும் சால்க்கும் இத்தோல்வியை மறைக்காமல் எண்களோடு உடனே வெளியிட்டனர். அந்நேர்மையே பின்னாளில் பெரும்பயன் தந்தது. எந்த ஊரில் எந்த வைரஸ் உலவுகிறது என்று உலகளவில் ஓயாமல் கண்காணித்து, ஆண்டுதோறும் தடுப்பூசியின் உள்ளடக்கத்தை மறுபரிசீலனை செய்யும் இன்றைய ஏற்பாட்டின் தேவையை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியது 1947. ஆண்டுதோறும் ஏன் புதிதாக ஊசி போடவேண்டும் என்று சலித்துக்கொள்ளும் மாணவருக்கான விடை அந்த வளாகத்தின் பதிவேடுகளில் இருக்கிறது.

1957இல் புதிய வகை வைரஸ் ஆசியாவிலிருந்து பரவியபோது, அமெரிக்காவில் முதன்முதலாகக் குடிமக்களிடையே அது வெடித்த இடங்களுள் ஒன்று டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம். கோடை விடுமுறையில் அங்கு நடந்த மாணவியர் மாநாட்டில் அது பரவியது. அடுத்து அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர் கூடிய சமய மாநாடு. அங்கிருந்து தொடர்வண்டிகளில் வீடு திரும்பியவர்களோடு வைரஸும் பல மாநிலங்களுக்குப் போயிற்று. மாணவர்கள் இல்லாத கோடையிலும் விடுதிகள் கொள்ளைநோய்க்கு வேலைசெய்தன.

இதுவரை கண்டவை எல்லாம் மாணவரின் உடலில் நடந்த ஆய்வுகள். உடலைச் சூழ்ந்த அறைக்கு வேறொரு வரலாறு உண்டு. அது மருத்துவ இதழ்களில் எழுதப்படவில்லை, கட்டடப் பொறியாளர்களின் தரநிலைகளில் எழுதப்பட்டது. 1893இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர், அறையிலுள்ள ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று தேவை என்றார். காசநோய் அச்சம் மிகுந்த காலம் அது. 1895இல் அமெரிக்க வெப்பமூட்டல், காற்றோட்டப் பொறியாளர் சங்கம் அவ்வளவை ஏற்றது. 1936இல் ஹார்வர்டில் கான்ஸ்டன்டின் யாக்லோ வேறு கேள்வி ஒன்றை எழுப்பினார்: உடல்நாற்றம் தாங்கக்கூடியதாக இருப்பதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஓர் அறையில் மனிதர்களை அமரவைத்து, வெளியிலிருந்து வரும் நடுவர்களை முகர்ந்து பார்க்கச்செய்து அவர் விடை தேடினார். நோயை விட்டு நாற்றத்துக்கு அளவுகோல் மாறியதும் தேவையும் குறைந்தது. 1940களின் நடுவில் தரநிலை 10 கன அடி. 1970களில் எரிபொருள் சிக்கனம் நாட்டுக் கொள்கையானபோது குறைந்தபட்சம் 5 கன அடி. 1981 தரநிலையிலும், புகைபிடிக்காத இடங்களுக்கு அதே 5. 1989இல்தான் அது 15க்கு உயர்ந்தது, அதுவும் கட்டடத்துள் இருப்போரின் தலைவலி, கண்ணெரிச்சல் முதலிய முறையீடுகள் பெருகியதால். சளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விந்தை என்னவெனில், யாக்லோ நாற்றத்தை அளந்துகொண்டிருந்த அதே 1930களில், அதே ஹார்வர்டில், வில்லியம் ஃபர்த் வெல்ஸ் என்பவர் இருமலின் துளிகளை அளந்துகொண்டிருந்தார். பெரிய துளி தரையில் விழும். சிறிய துளி விழுமுன்பே உலர்ந்து, நுண்கருவாகி, மணிக்கணக்கில் மிதக்கும் என்று 1934இல் அவர் காட்டினார். பின்னர் பென்சில்வேனியாவுக்குச் சென்று, ஃபிலடெல்ஃபியாப் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில் புற ஊதா விளக்குகளைப் பொருத்தித் தட்டம்மைப் பரவலைக் குறைத்தார். ஆனால் பிற ஊர்களில் செய்த சோதனைகள் அவ்வாறு வெல்லவில்லை. வகுப்பறையில் காற்றைத் தூய்மைசெய்தாலும் பள்ளிப் பேருந்தில் குழந்தைகள் ஒருவரையொருவர் தொற்றிக்கொண்டார்கள். தடுப்பூசிகளின் பொற்காலம் பிறந்துவிட்ட நிலையில் வெல்சின் காற்றுக் கொள்கைக்குக் காதுகொடுப்போர் குறைந்தனர். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒருவர் காற்றில் நோய் மிதப்பதைக் காட்ட, இன்னொருவரின் ஆய்வு அறைக்குக் காற்றைக் குறைக்கச் சான்றாகப் பயன்பட்டது. இரு துறைகளும் ஒன்றையொன்று படிக்கவில்லை.

1970களிலும் 80களிலும் சளி பரவும் வழியைப் பற்றி இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த விவாதம், மூக்குச்சளியை முன்னிட்டு நடந்த விவாதங்களிலேயே மிகச் சுவையானது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜாக் குவால்ட்னியும் ஓவன் ஹென்ட்லியும் கையைக் குற்றவாளி என்றனர். சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ் தொற்றியவரின் கையைத் தொட்டு, பின் தம் மூக்கையும் கண்ணையும் தொட்டுக்கொண்ட 15 பேரில் 11 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. தொடாமல், காற்றின் வழியே மட்டும் வெளிப்பாடு பெற்ற 22 பேரில் ஒருவருக்கே தொற்று. 1978இல் வெளியான இம்முடிவு தெளிவாக இருந்தது. கைகழுவும் அறிவுரைக்கு ஆய்வுச் சான்றும் கிடைத்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எலியட் டிக் இதை ஏற்கவில்லை. சளிபிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே அறையில் 12 மணி நேரம் போக்கர் சீட்டாட வைத்தார். பிடிக்காதவர்களில் பாதிப்பேர் கைகளை இயல்பாகப் பயன்படுத்தலாம். மறுபாதிப்பேருக்கு முழங்கை மடங்காதவாறு கட்டை, அல்லது கழுத்தைச் சுற்றி மூன்றடி அகலப் பிளாஸ்டிக் வளையம். சீட்டை எடுக்கலாம், போடலாம், முகத்தைத் தொட மட்டும் இயலாது. 12 மணி நேரம் மூக்கு அரித்தாலும் சொறியமுடியாத நிலையில் ஆடிய அந்த இளைஞர்களின் பொறுமையை ஆய்வுக்கட்டுரை போதுமான அளவு பாராட்டவில்லை. கட்டின்றி ஆடிய 18 பேரில் 12 பேருக்குத் தொற்று. முகத்தைத் தொடவே முடியாத 18 பேரில் 10 பேருக்குத் தொற்று. கையை விலக்கியும் நோய் ஏறத்தாழ அதே அளவில் பரவியது. பின்னர் டிக் எதிர்ச்சோதனையும் செய்தார். நோயாளிகள் ஆடிய, சளி படிந்த சீட்டுகளையும் வில்லைகளையும் வேறோர் அறையிலிருந்த 12 பேரிடம் கொடுத்து ஆடச்சொல்லி, அடிக்கடி முகத்தைத் தொடவும் சொன்னார். ஒருவருக்கும் தொற்றவில்லை. 1987இல் இது வெளியாயிற்று.

இரண்டுமே முறையாக நடந்த ஆய்வுகள். முரண்பாடு எங்கிருந்து வந்தது? டிக் குழுவினர் முன்னரே ஒரு குறிப்புத் தந்திருந்தனர். இயல்பாகக் கூடிப் பழகும் நிலையில் பாதிப்பேருக்காவது தொற்ற வேண்டுமெனில், நோயாளிகளோடு கழிக்கும் நேரம் மொத்தத்தில் ஏறத்தாழ 200 மணியளவு தேவைப்பட்டது. எத்தனை பேர், எவ்வளவு கடுமையான சளியோடு, எத்தனை மணி நேரம் உடனிருந்தனர் என்பதே கணக்கு. ஈரமான சளியை விரலில் ஏற்றி உடனே மூக்கில் வைத்தால் தொற்றும் என்பதை வர்ஜீனியா காட்டியது. மனிதர்கள் உண்மையில் ஒன்றாக இருக்கும்போது எவ்வழியில் பெரும்பாலும் தொற்றுகிறது என்பதை விஸ்கான்சின் கேட்டது. விடுதி அறையை எண்ணிப்பார்த்தால் இரண்டாவது கேள்வியின் எடை விளங்கும். அறைத்தோழர்கள் கைகுலுக்குவதில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் ஏழெட்டு மணி நேரம் ஒரே காற்றை மூச்சுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் அது 50 மணியைத் தாண்டும்.

வளாகங்களின் சுவர்களிலோ வர்ஜீனியாவே வென்றது. கைகழுவச் சொல்லும் சுவரொட்டிக்குச் செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். மாணவரின் பழக்கத்தை மாற்றச் சொல்வது எளிது. கட்டடத்தை மாற்றுவதற்கு நிதிக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

2000களில் ஆய்வுகள் மீண்டும் விடுதிக்குள் வந்தன. 2006–07 குளிர்காலத்தில் மிச்சிகனில் ஆலிசன் ஐயெல்லோ குழுவினர் விடுதி மாணவர் 1,437 பேரைச் சேர்த்து, சில விடுதிகளில் முகக்கவசமும் கைத்தூய்மையும், சிலவற்றில் முகக்கவசம் மட்டும், சிலவற்றில் எதுவுமில்லை என ஆறு வாரம் ஒப்பிட்டனர். இரண்டையும் கைக்கொண்டோரிடம், நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை சளிக்காய்ச்சல் அறிகுறிகள் 35 முதல் 51 விழுக்காடு குறைந்தன. முகக்கவசம் மட்டும் அணிந்தோரிடம் தெளிவான விளைவில்லை. ஆய்வகத்தில் உறுதிசெய்த இன்ஃப்ளூயன்சாவை மட்டும் எண்ணினால் எந்தக் குழுவிலும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடில்லை. உறங்கும்போது முகக்கவசம் அணியுமாறு எவரையும் கேட்கமுடியாது என்ற எளிய உண்மை இம்முடிவுகளைப் படிக்கையில் நினைவுக்கு வரவேண்டும். மின்னசோட்டாவில் 2002 முதல் 2006 வரை நான்கு பருவங்களில் மாணவர்களைத் தொடர்ந்து கண்ட கிறிஸ்டின் நிக்கல் குழு, தடுப்பூசி பெற்றோருக்குச் சளிக்காய்ச்சல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்றது. தடுப்பூசியின் பயன் இன்றும் ஐயத்துக்குரியதன்று. ஆனால் மாணவர்களில் பெரும்பான்மையோர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பிற நூற்றுக்கணக்கான சளி வைரஸ்களுக்கு அது கேடயமுமன்று.

அறையையே அளந்த ஆய்வு சீனாவிலிருந்து வந்தது. தியான்ஜின் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், குளிர்காலத்தில் ஒருவருக்கு நொடிக்கு 5 லிட்டர் வெளிக்காற்று கிடைத்த கட்டடங்களில், ஆண்டுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ சளிபிடித்ததாகக் கூறிய மாணவர் 5 விழுக்காடு. 1 லிட்டர் மட்டுமே கிடைத்த கட்டடங்களில் அவர்கள் 35 விழுக்காடு. மாணவர் தாமே சொன்ன கணக்கு என்ற குறை இதற்கு உண்டு, டீலின் பாடத்தை இங்கும் மறக்கலாகாது. இந்தியச் சூழலுக்கு மிக நெருங்கிய ஆய்வும் இதுதான், ஏனெனில் பலர் நெருங்கித் தங்கும் அறைகள் அவை. பருவம் மட்டும் வேறு. இந்தியாவின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்சா மழைக்காலத்தில் உயர்கிறது, காஷ்மீரில் குளிர்காலத்தில். அங்கே பனிக்காக மூடும் சன்னலை இங்கே சாரலுக்காக மூடுகிறார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டொனால்டு மில்டன் 2012–13 பருவத்தில் இன்ஃப்ளூயன்சா உறுதியான 142 பேரை ஒரு கூம்புக்கருவியின்முன் அரைமணி நேரம் அமர்த்தி, அவர்கள் வெளிவிடும் மூச்சைச் சேகரித்தார். நுண்துகள் மாதிரிகளில் 39 விழுக்காட்டில் உயிருள்ள, தொற்றவல்ல வைரஸ் இருந்தது. தும்மல் அரிதாகவே நேர்ந்தது, இருமாதவரின் மூச்சிலும் வைரஸ் இருந்தது. 2018இல் இது வெளியாயிற்று. 2020இல் கொரோனா காற்றில் பரவுவதை ஏற்குமாறு உலகச் சுகாதார அமைப்பிடம் 239 அறிவியலாளர்கள் வேண்டியபோது, அந்த முறையீட்டை லிடியா மொராவ்ஸ்காவுடன் சேர்ந்து எழுதியவரும் மில்டனே.

அதே வளாகத்தில் 2018இன் முதல் நான்கு மாதங்களில் இரு விடுதிகளை அவருடைய குழு ஒப்பிட்டது. ஒன்றில், ஒவ்வோர் அறைக்கும் முழுக்க வெளிக்காற்றையே செலுத்தும் தனி அமைப்பு உண்டு. மற்றொன்றில் அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை, இடுக்குகளின் வழியே நுழையும் காற்றுதான். நல்ல காற்றோட்டமுள்ள விடுதியில் ஒரே ஒரு சுவாசத்தொற்று உறுதியானது. மற்றதில் 47. எண்களை இப்படியே நிறுத்தினால் டீல் கண்டித்திருப்பார். முதல் விடுதியில் பங்கேற்றோர் 11 பேர், இரண்டாவதில் 109 பேர். ஆளுக்கு ஓராண்டு என்று கணக்கிட்டால் 0.70க்கு எதிர் 2.83. நான்கு மடங்கு வேறுபாடு என்றாலும், முதல் விடுதியில் இன்னும் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தால் அது பாதியாகியிருக்கும். நல்ல விடுதியிலும் கரியமில வாயுவின் சராசரி பத்து இலட்சத்துக்கு 1,230 பங்கு, அதாவது அதுவும் சிறந்த காற்றன்று. இவ்வளவு சிறிய ஒப்பீட்டைக்கொண்டு கட்டடச் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய ஒப்பீட்டைச் செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விடுதிகள் இல்லாமலில்லை.

கதவும் சன்னலும் மூடிய நிலையில் அந்த இரண்டாம் விடுதியில் ஒரு மாணவருக்கு நொடிக்கு 2.3 லிட்டர் வெளிக்காற்று கிடைத்தது என்று குழு கணித்தது. பில்லிங்ஸ் 1893இல் கேட்ட 30 கன அடி, நொடிக்கு 14 லிட்டர். 1981 தரநிலையின் குறைந்தபட்சமான 5 கன அடி, நொடிக்கு 2.4 லிட்டர்.